நெப்போலியன் விற்றார், பீரங்கி அளந்தது, கிருஷ்ணம்மாள் வாங்கிக் கொடுத்தார்... வகுப்பறையில் நடித்துப் பார்க்க 4 நிலக் கதைகள்!

"நெப்போலியனா நடிக்க யார் ரெடி?"

வகுப்பில் இப்படிக் கேட்டால் எத்தனை கைகள் உயரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே வகுப்பில், "1803-ம் ஆண்டு ஒப்பந்தத்தின் முக்கிய அம்சங்களை விளக்குக" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாத் தலைகளும் பெஞ்சுக்கு அடியில் விழுந்த பேனாவைத் தேட ஆரம்பித்துவிடும்!

அமெரிக்கப் பள்ளிகளில் இந்த 1803 பாடத்தை மாணவர்களுக்கு நாடகமாகவே நடத்தும் ஆசிரியர்கள் உண்டு. ஒருவர் நெப்போலியன், ஒருவர் அமெரிக்க அதிபர் ஜெபர்சன், இன்னும் இருவர் பேரம் பேசும் தூதர்கள். நடுவில் ஒரு வரைபடம். அவ்வளவுதான் செட்டிங். பேரம் பேசி முடிக்கும்போது ஆண்டு, தொகை, காரணம் எல்லாமே மனதில் பதிந்துவிடும்.

இந்த முறையை நம் ஊர்ப் பள்ளிகளிலும் செய்யலாம். அதற்கு நெப்போலியன் வரை போக வேண்டியதும் இல்லை. திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஒரு கதை இருக்கிறது. கடலூருக்கு ஒரு கதை இருக்கிறது. திண்டுக்கல் மண்ணில், நிலமே இல்லாத ஒரு கூலிக் குடும்பத்தில் பிறந்த பெண், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த கதையும் இருக்கிறது.

நான்கு கதைகளையும் வரிசையாகப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் யார் யார் நடிக்க வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஆசிரியர்களும் பயன்படுத்தலாம், லீவு நாளில் வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டும் செய்து பார்க்கலாம்.

காட்சி 1: துறைமுகம் கேட்டுப் போனவர்களுக்குப் பாதிக் கண்டம்!

இடம்: பாரிஸ். ஆண்டு: 1803.

நடிக்க வேண்டியவர்கள்: நெப்போலியன், அவருடைய நிதியமைச்சர் பார்பே மார்புவா, வெளியுறவு அமைச்சர் தாலிரான், அமெரிக்கத் தூதர்கள் லிவிங்ஸ்டன், மன்ரோ.

அமெரிக்காவின் நடுவே ஓடும் மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருக்கிறது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம். அமெரிக்க விவசாயிகள் விளைவித்ததெல்லாம் படகில் ஏறி இந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அந்தத் துறைமுகம் பிரான்ஸ் கைக்குப் போனதும் ஜெபர்சனுக்குக் கவலை வந்துவிட்டது. 'துறைமுகத்தையும் அதை ஒட்டிய பகுதியையும் விலைக்குக் கேளுங்கள்' என்று தூதர்களை அனுப்பினார்.

அந்தப் பக்கம் நெப்போலியனுக்கு வேறு கவலை. கரீபியக் கடலில் பிரான்ஸின் பொன் முட்டையிடும் வாத்தாக இருந்த செயின்ட் டொமிங்கு தீவில், இன்றைய ஹைட்டியில், அடிமைகள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். அடக்கப் போன பிரெஞ்சுப் படையைப் போரும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து தின்றுவிட்டன. இன்னொரு பக்கம் இங்கிலாந்தோடு போர் மூளும் நிலை. கையில் பணம் வேண்டும்.

1803 ஏப்ரல் 11 அன்று தாலிரான், 'மொத்தப் பகுதியையும் எடுத்துக்கொள்கிறீர்களா, என்ன தருவீர்கள்?' என்ற தோரணையில் லிவிங்ஸ்டனிடம் கேட்டார். ஒரு வீடு பார்க்கப் போனவரிடம் தெருவையே எழுதித் தருகிறேன் என்றால் எப்படி இருக்கும்? மறுநாள் மன்ரோவும் பாரிஸ் வந்து சேர்ந்தார். அதிபரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று இழுக்க நேரமில்லை. கடிதம் கடலைக் கடந்து போய் பதில் வர மாதங்கள் ஆகும்.

1.5 கோடி டாலருக்குப் பேரம் முடிந்தது. ஏப்ரல் 30 தேதியிட்ட ஒப்பந்தம். கைமாறிய நிலம் சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் 16 மடங்கு! ஒரே கையெழுத்தில் அமெரிக்காவின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஏக்கருக்கு 3 சென்ட்கூட ஆகவில்லை.

இப்போது வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி: "அந்த நிலத்தில் அப்போது யார் குடியிருந்தார்கள்?"

பல நூறு ஆண்டுகளாக அங்கேயே வேட்டையாடி, பயிர் செய்து வாழ்ந்த பூர்வகுடி மக்கள். அவர்கள் பாரிஸ் மேஜைக்கு அழைக்கப்படவே இல்லை. பிரான்ஸ் விற்றதும் அமெரிக்கா வாங்கியதும் அவர்கள் காலடி நிலத்தைத்தான்.

நாடகம் போடும்போது மேஜையைச் சுற்றி ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டு, அதைக் காலியாகவே விட்டுவிடுங்கள். 'இது யாருக்கு?' என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் காலி நாற்காலியை அடுத்த காட்சிகளுக்கும் எடுத்துக்கொண்டு போகப் போகிறோம்.

காட்சி 2: குண்டு விழுந்த தூரம் வரைக்கும் எங்களுக்கு!

இடம்: கடலூர், தேவனாம்பட்டினம். ஆண்டு: 1690.

நடிக்க வேண்டியவர்கள்: செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் ராஜாராமின் பிரதிநிதி, மதராஸ் கவர்னர் எலிஹு யேல் அனுப்பிய கம்பெனிக்காரர்கள், பீரங்கி சுடுபவர், கிராமத்து மக்கள்.

எலிஹு யேல் என்ற பெயரை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? ஆமாம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் இவர்தான். மதராஸின் கவர்னராக இருந்தபோது, தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வாங்கினார். பிற்பாடு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்றது அதுதான்.

வாங்கியது கோட்டை மட்டுமில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரை உள்ள ஊர்களும் சேர்த்தி. இதுதான் பேச்சு!

இன்றைக்கு நிலம் அளக்க சர்வேயர் சங்கிலியும் கருவியும் கொண்டு வருகிறார். அன்றைக்குப் பீரங்கியே சர்வேயர். அளவு பெரிதாக வர வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? நல்ல பீரங்கியாகப் பார்த்து மதராஸிலிருந்து அனுப்பினார்கள். அது நாலா திசையிலும் சுடப்பட்டது. குண்டின் எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது.

இந்தக் காட்சியை வகுப்பறைக்குள் அடக்க முடியாது, மைதானத்துக்குப் போய்விடுங்கள். நடுவில் ஒரு வட்டம் போட்டு அதைக் கோட்டை என்று வையுங்கள். ஒரு மாணவர் டென்னிஸ் பந்தை நான்கு திசையிலும் எறியட்டும். சுற்றிலும் வெவ்வேறு தூரத்தில் 'கிராமங்களாக' மாணவர்கள் நிற்கட்டும். பந்து தாண்டிப் போனவர்கள் கம்பெனி கிராமம். தாண்டாதவர்கள் பழைய அரசனின் கிராமம்.

பிறகு கேள்வி: "எறியப் போகிறவரை யார் தேர்ந்தெடுத்தது?"

கிரிக்கெட் டீமில் பவுண்டரியிலிருந்து விக்கெட் கீப்பருக்கு நேராக எறியும் பையனைத்தான் வாங்குபவர் கூப்பிடுவார். விற்பவரோ, 'எல்.கே.ஜி தம்பி எறியட்டும்' என்பார். ஒப்பந்தத்தில் அளவு எப்படி எழுதப்படுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த நிமிடமே புரிந்துவிடும். காலையில் ஒரு ராஜ்யத்திலும் மாலையில் இன்னொரு ராஜ்யத்திலும் இருந்த கிராமத்து மக்களை யாராவது கேட்டார்களா? அந்த நாற்காலி இங்கேயும் காலிதான்.

காட்சி 3: மலைக்கோட்டை கைமாறிய நாள்

இடம்: ஸ்ரீரங்கப்பட்டணம். ஆண்டு: 1792.

நடிக்க வேண்டியவர்கள்: திப்பு சுல்தான், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், மராட்டியர்கள், ஹைதராபாத் நிஜாம் ஆகியோரின் பிரதிநிதிகள், திப்புவின் இரண்டு மகன்கள்.

இது விலைக்கு வாங்கிய கதை இல்லை. ஆனால் திண்டுக்கல் பிள்ளைகள் கட்டாயம் நடித்துப் பார்க்க வேண்டிய கதை.

பஸ் ஸ்டாண்டில் நின்றாலே தெரியும் மலைக்கோட்டை, நாயக்கர் காலத்தில் எழுந்தது. 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்தார். மைசூர் அரியணைப் பக்கம் அவர் ஏறியதற்கு இந்த ஊர் ஒரு படிக்கட்டு. பிறகு திப்பு காலம். 1783-ல் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள், மறு ஆண்டே மங்களூர் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள். 1790-ல் மறுபடியும் பிடித்தார்கள். ஏழே வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கிறது பாருங்கள்!

மூன்றாம் மைசூர் போரில் தோற்ற திப்பு, 1792 மார்ச்சில் உடன்படிக்கைக்கு ஒப்புக்கொண்டார். தன் ராஜ்யத்தில் பாதியையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டும். பணம் வந்து சேரும்வரை இரண்டு மகன்களும் பிணை. கொடுத்த பாதியில் கம்பெனியின் பங்குக்கு வந்தவற்றில் ஒன்று திண்டுக்கல்.

முந்தைய இரண்டு காட்சிகளிலும் விலை இருந்தது. இங்கே தோல்வியே விலை. திண்டுக்கல் சமவெளியில் உழுதுகொண்டிருந்த குடியானவருக்கு இதில் என்ன மாறியது? வரி கேட்டு வருகிறவர் மாறினார். வரி மாறவில்லை.

கேள்வி: "பாளையக்காரர்களை யாராவது கேட்டார்களா?" கேட்கவில்லை. அதற்கான பதிலை அவர்கள் சில வருடங்களில் களத்தில் சொன்னார்கள். நம் மாவட்டத்து விருப்பாட்சி கோபால் நாயக்கர், கம்பெனியை எதிர்த்துக் கூட்டணி திரட்டி, 1801-ல் தூக்கிலிடப்பட்டார்.

காட்சி 4: நாற்காலியில் உட்காரப் போவது யார்?

மூன்று காட்சிகளிலும் உழுகிறவருக்கு இடமே இல்லை. அவரை உட்கார வைத்த கதை இது.

1926-ல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில், நிலமில்லாத தலித் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட, அம்மாதான் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பள்ளிக்கூடம் போவதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் கிருஷ்ணம்மாள் மதுரைக்குப் போய்ப் படித்தார், பட்டமும் பெற்றார். டி.வி.எஸ் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் கணவர் ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அந்தப் படிப்புக்குத் துணை நின்றார்.

இன்னொரு பக்கம் ஜெகந்நாதன். வசதியான குடும்பத்துப் பிள்ளை. காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டு வெளியேறியவர், சிறை சென்றவர். இருவரும் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்தபோது போட்ட நிபந்தனை, 'சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம்'. 1950-ல் நடந்தது.

அடுத்த வருடம், 1951 ஏப்ரல் 18. தெலங்கானாவின் போச்சம்பள்ளி கிராமத்தில் நிலமில்லாத 40 தலித் குடும்பங்கள் வினோபா பாவேயிடம் 80 ஏக்கர் நிலம் கேட்டார்கள். கூட்டத்தில் இருந்த ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் பூமிதான இயக்கம். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அதில் இறங்கி ஊர் ஊராக நடந்தார்கள். தமிழ்நாட்டில் 1958-ல் பூமிதானத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

தானம் நல்ல விஷயம்தான். ஆனால் தானத்தில், கொடுப்பவர் மனம் வைத்தால்தான் நிலம். வாங்குபவர் காத்திருக்க மட்டுமே முடியும்.

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். செய்தி கேட்ட கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்தப் பகுதிக்கே போய்த் தங்கி வேலை செய்யத் தொடங்கினார்கள். நிலம் சிலரிடம் மட்டுமே இருக்கும்வரை கூலிக்காக உயிர் போவதும் நிற்காது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

1981-ல் 'லாஃப்டி' தொடங்கியது. உழுபவனின் நில விடுதலை இயக்கம். வழி எளிது: மிராசுதாரரையும் நிலமில்லாத குடும்பங்களையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பது. நியாயமான விலை பேசுவது. கடன் ஏற்பாடு செய்து நிலத்தை வாங்கிப் பிரிப்பது. விளைச்சலிலிருந்து கடனைக் கட்டுவது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். அதுவும் பெண்கள் பெயரில்.

சொல்லும்போது எளிது! ஆரம்பத்தில் வங்கிகள் கடன் தரத் தயங்கின. முத்திரைத்தாள் கட்டணம் வேறு மலையாக நின்றது. விடாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். 2007 வாக்கில் லாஃப்டி மூலம் சுமார் 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் நிலம் போய்ச் சேர்ந்திருந்தது. 2008-ல் இருவருக்கும் 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது. கிருஷ்ணம்மாளுக்கு 1989-ல் பத்மஸ்ரீ, 2020-ல் பத்மபூஷண். ஜெகந்நாதன் 2013-ல் காந்திகிராமத்தில் காலமானார்.

நெப்போலியன் விற்ற நிலத்தோடு ஒப்பிட்டால் 13,000 ஏக்கர் வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் உழுதவர் பெயரிலேயே பத்திரம் எழுதப்பட்டது இதில்தான்.

ஒரு பீரியடில் நடத்துவது எப்படி?

நான்காவது காட்சிக்குக் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். நடிக்க வேண்டியவர்கள்: கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன், மிராசுதார், வங்கி மேனேஜர், சார் பதிவாளர், நிலம் வாங்கப் போகும் 5 பெண்கள். மீதி வகுப்பு முழுவதும் ஊர்ச்சபை.

முதல் 10 நிமிடம், ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் அவருடைய நிலைமை மட்டும் இருக்கும். மிராசுதார் சீட்டில், 'உங்களுக்குப் பணம் தேவை, ஆனால் நேற்றுவரை உங்களிடம் கூலிக்கு நின்றவரோடு சரிசமமாக உட்காரத் தயக்கம்' என்று எழுதலாம். வங்கி மேனேஜர் சீட்டில், 'ஈடு இல்லாமல் கடன் தரக் கூடாது' என்ற விதி. பெண்களின் சீட்டில், 'ஈடு வைக்க உங்களிடம் எதுவும் இல்லை'.

இப்போது நாடகம் முட்டுச்சந்தில் நிற்கும். நிலம் வாங்கக் கடன் வேண்டும். கடன் வாங்க நிலம் வேண்டும். இந்த முடிச்சைப் பிள்ளைகளே அவிழ்க்க வேண்டும். வசனம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 'நாங்க 5 பேரும் சேர்ந்து பொறுப்பு ஏத்துக்கிட்டா?' என்றோ, 'வாங்கப்போற நிலத்தையே ஈடா வச்சுக்கோங்க' என்றோ ஏதாவது ஒரு யோசனை வகுப்பிலிருந்து கிளம்பி வரட்டும்.

கடைசி 10 நிமிடம், எல்லோரும் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பேச வேண்டும். மிராசுதாராக நடித்தவருக்கு எப்போது மனம் மாறியது? மேனேஜராக நடித்தவருக்கு எங்கே எரிச்சல் வந்தது? பாடம் உண்மையில் இந்த 10 நிமிடத்தில்தான் நடக்கிறது.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

* யாருக்கு எந்த வேஷம் என்பதை ஆசிரியர் ஒதுக்க வேண்டாம். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நிஜ வாழ்க்கையில் ஏழையான பிள்ளைக்கே மேடையிலும் கூலி வேஷம், வசதியான பிள்ளைக்கே மிராசுதார் வேஷம் என்று அமைந்துவிடக் கூடாது.
* சாதிப் பெயர் சொல்லித் திட்டும் வசனங்கள் வேண்டவே வேண்டாம். உண்மை வரலாறு என்றாலும் அது பக்கத்து பெஞ்ச் பிள்ளையைக் காயப்படுத்தும்.
* கீழ்வெண்மணி சம்பவத்தை நடித்துக் காட்டக் கூடாது. அதை எழுந்து நின்று, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் போதும்.
* திப்பு நல்லவரா, காரன்வாலிஸ் கெட்டவரா என்று பட்டிமன்றம் ஆக்கிவிடாதீர்கள். அவர் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று மட்டும் கேளுங்கள்.

பள்ளிக் கல்வித்துறை நடத்தும் கலைத் திருவிழாவில் நாடகத்துக்கு இடம் இருக்கிறது. வகுப்பறையில் தொடங்கும் இந்தக் காட்சி அங்கேயும் மேடை ஏறலாம்.

கணக்குப் பீரியடுக்கும் வேலை இருக்கிறது

பேச்சுக்கு ஒரு ஏக்கர் 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டி மதிப்பும் அதுவே என்று வைப்போம். வாங்கப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி 400 ரூபாய். இதை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

நிலத்தின் விலை மட்டும் 1,500 நாள் கூலி. அதாவது ஒரு நாள்கூட லீவு போடாமல், ஒரு ரூபாய்கூட செலவு செய்யாமல் 4 வருடத்துக்கு மேல் வேலை பார்க்க வேண்டும்.

அதோடு முடிந்ததா? முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவிகிதம், 42,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், 12,000 ரூபாய். மொத்தம் 54,000. அது இன்னொரு 135 நாள் கூலி! 1981-ல் கிருஷ்ணம்மாளுக்கு முத்திரைத்தாள் கட்டணம் ஏன் மலையாகத் தெரிந்தது என்று இப்போது புரிகிறதா?

இன்றைக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. நம் கணக்கில் 6,000 ரூபாய் மிச்சம். 15 நாள் கூலி.

அடுத்தது, தாட்கோ மூலம் தமிழக அரசு செயல்படுத்தும் 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்'. நிலமற்ற ஆதிதிராவிட விவசாயத் தொழிலாளர் பெண்கள் நிலம் வாங்க 50 சதவிகிதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம். முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் கிடையாது. நம் கணக்கில் 3 லட்சம் மானியம் போக, பாக்கி 3 லட்சம். 1,635 நாள் கூலி, 750 நாளாகக் குறைந்துவிடுகிறது. தகுதி, விண்ணப்ப விவரங்களை மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நிலக்கோட்டைப் பக்கம் விடியும் முன்பே மல்லிகை பறிக்கப் போகிற அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு கரும்பலகையில் இருக்கும் கணக்கு இல்லை. வீட்டில் நடக்கும் கணக்கு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிவிடும் குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளை, 'சார், எங்க அப்பா உழுறது எங்க நிலம் இல்லையா?' என்று கேட்டால் ஆசிரியர் திகைக்க வேண்டாம். நாடகத்தின் நோக்கமே அந்தக் கேள்விதான்.

வீட்டுப்பாடம்: பத்திரத்தை எடுங்க!

நாடகம் முடிந்ததும் வீட்டில் செய்ய ஒரு சின்ன வேலை. பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, பீரோவில் இருக்கும் பத்திரத்தையோ பட்டாவையோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கிரதை, அசலில் பேனா படக் கூடாது, போட்டோ எடுத்து குரூப்பில் போடவும் கூடாது! நிலமோ வீடோ இல்லாத பிள்ளைகள், பள்ளியில் ஆசிரியர் தரும் மாதிரிப் பத்திரத்தில் இதைச் செய்யலாம்.

தேட வேண்டியவை:

* விற்றவர், வாங்கியவர் பெயர்கள்: கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.
* நான்கு எல்லை: வடக்கே யார் நிலம், தெற்கே என்ன என்று எழுதியிருக்கும். கடலூர் பீரங்கிக்கு பதிலாக நமக்குக் கிடைத்தது இதுதான்.
* சர்வே எண்ணும் அளவும்: 100 சென்ட் ஒரு ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஹெக்டேரில் இருந்தால் 2.47-ஆல் பெருக்கினால் ஏக்கர் வந்துவிடும்.
* தாய்ப் பத்திரம்: விற்றவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்று சொல்வது. நெப்போலியனிடம் பூர்வகுடிகள் கேட்டிருக்க வேண்டிய ஆவணம்!
* வில்லங்கச் சான்றிதழ்: அந்தச் சொத்தில் நடந்த பதிவுகளின் வரிசை. அடமானம், விற்பனை எல்லாம் இதில் தெரியும்.
* பட்டா யார் பெயரில்? பத்திரம் பதிந்துவிட்டு, பட்டா பெயர் மாற்றாமலேயே பல வருடம் விட்டுவிடும் வீடுகள் உண்டு. அப்படி இருந்தால் பிள்ளை சுட்டிக்காட்டட்டும்.

அப்படியே இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா, அப்பா, சித்தப்பா பெயர்கள் எத்தனை? பாட்டி, அம்மா, அத்தை பெயர்கள் எத்தனை?

1989-லேயே தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்து இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை கொடுத்தது. நாடு முழுமைக்கும் அது 2005-ல் வந்தது. 1981-ல் லாஃப்டி பெண்கள் பெயரில் ஒரு ஏக்கர் என்று தொடங்கியது இந்த இரண்டு சட்டங்களுக்கும் முன்பு. நிலம் ஆண் பெயரில் இருந்தால் அவசரத்துக்கு விற்றுவிடவோ அடமானம் போகவோ வாய்ப்பு அதிகம், பெண் பெயரில் இருந்தால் அடுப்புக்குப் பக்கத்திலேயே காவல் இருக்கும் என்பது நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம்தானே!

காட்சி 4 முடியும்போது, அந்தக் காலி நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதை வகுப்பே முடிவு செய்யட்டும். சில வகுப்புகள் கிருஷ்ணம்மாளை உட்கார வைக்கலாம். ஆனால் கவனித்துப் பாருங்கள், கதைப்படி அவர் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டவர். உட்கார்ந்து கைநாட்டு வைத்தது பெயர் தெரியாத ஒரு கூலித் தொழிலாளிப் பெண்.

அவர் வேஷம் கிடைத்த மாணவிக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிட்டு, அடுத்த பீரியடுக்கு மணி அடிக்கலாம்.

உங்கள் வீட்டுப் பத்திரத்தில் எத்தனை பெண்களின் பெயர்கள் இருந்தன? பிள்ளைகள் எண்ணிச் சொன்ன கணக்கை கமென்ட்டில் பகிருங்கள் மக்களே!